சொந்தச் செட்

தீயணைப்புக்காரர் சொந்தக் காசில் வாங்கிய வோக்கி டோக்கி மேசைக்கு வந்தால் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவேன். அலுவலகச் செட்டில் இலக்கம் ஒட்டியிருக்கும், ஏரியல் அடியில் ஆடும், பெல்ட் கிளிப் எப்போதோ உடைந்து போயிருக்கும், பற்றரி வேறொரு செட்டினுடையதாக இருக்கும். சொந்தச் செட் அப்படி வராது. நழுவாமலிருக்க சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கமாக மாட்டியிருப்பார்கள். பின்பக்கத்தில் ஆணியால் பெயரின் முதலெழுத்தைக் கீறியிருப்பார்கள். பழைய ரெயின்கோட் துணியில் மனைவி தைத்துக் கொடுத்த உறையோடு ஒன்று வந்தது. இன்னொருவர் பேசும் பட்டனைச் சுற்றிச் சிவப்பு நெயில் பொலிஷ் பூசியிருந்தார். புகைக்குள் டோர்ச் அடித்தால் அந்த இடம் தெரியுமாம். பொலிஷ் மகளுடையது. அவள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்று சிரித்தார்.

கண்டியில் வோக்கி டோக்கி திருத்துவது என் தொழில். ட்ரான்சிஸ்டர் ரேடியோவிலும் கசெட் பிளேயரிலும் கை பழகியது. வீட்டுக்கு வீடு இலங்கை வானொலித் தமிழ்ச் சேவை பாடிக்கொண்டிருந்த நாட்களில் அதுவே சோறு போட்டது. இப்போது ரேடியோவைத் திருத்த யாரும் கொண்டுவருவதில்லை. கைபேசி திருத்தும் கடை தெருவுக்குத் தெரு இருக்கிறது, அது எனக்குக் கைவரவுமில்லை. மிஞ்சியது இந்தச் செட்டுகள்தான். ஹோட்டல் காவலாளிகள், ஆடைத் தொழிற்சாலைக்காரர்கள், எசல பெரஹரவின்போது கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் குழுக்கள் என்று ஆட்கள் வருவார்கள். எல்லாருக்கும் நான் ‘பாஸ்’. இந்த ஊரில் தச்சன், மேசன், மெக்கானிக் எவரானாலும் பாஸ்தான்.

தீயணைப்புக்காரர்கள் வேலை முடிந்து சிவில் உடையில் வருவார்கள். நகரத்திலிருந்தும் வருவார்கள், மலைக்கு அப்பாலுள்ள ஊர்களிலிருந்தும் வருவார்கள், தொழிற்சாலைகளின் சொந்தத் தீயணைப்புக் குழுவினரும் வருவார்கள். யார் எந்த இடத்தைச் சேர்ந்தவர் என்று இங்கே எழுதப்போவதில்லை. பலர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள்.

ஏன் சொந்தமாக வாங்குகிறார்கள் என்று வெளியாட்கள் கேட்பதுண்டு. இலங்கையில் தீயணைப்பு என்பது கொழும்பிலிருந்து நடத்தப்படும் ஒரே திணைக்களம் அல்ல. அந்தந்த மாநகர சபை, நகர சபை தன் வசதிக்கேற்ப வைத்திருக்கும் பிரிவு அது. வாகனம், ஏணி, ஹோஸ், சுவாசக் கருவி எல்லாம் அந்த வரவுசெலவுத் திட்டத்துக்குள்தான். அந்த வரிசையில் வோக்கி டோக்கி எங்கே நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. எனக்குத் தெரிந்த ஓரிடத்தில் வாகனத்தில் ஒரு பெரிய செட்டும் பொறுப்பாளர் கையில் ஒன்றும் இருந்தன. உள்ளே ஹோஸ் பிடித்துப் போகிறவனுக்கு ஒன்றுமில்லை. அவன் வெளியே இருப்பவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கத்த வேண்டும், அல்லது ஹோஸை இழுத்துச் சைகை காட்ட வேண்டும். முகமூடி போட்டுக்கொண்டு கத்தினால் என்ன கேட்கும்? அப்படி ஒருநாள் கத்திப் பார்த்தவன் அடுத்த சம்பளத்தில் செட் வாங்குவான். நானானாலும் வாங்குவேன்.

இந்த ஆசை புதிதல்ல, ஆனால் ஒரு காலத்தில் அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. போர்க்காலத்தில் கண்டியில் வோக்கி டோக்கி வைத்திருப்பதென்பது துப்பாக்கி வைத்திருப்பதற்கு அடுத்த விஷயம். 1998 ஜனவரி 25 அன்று தலதா மாளிகை வாசலில் லொறிக் குண்டு வெடித்த பிறகு சொல்லவே வேண்டாம். வாவியைச் சுற்றிச் சோதனைச் சாவடிகள் முளைத்தன, மாளிகைக்கு முன்னால் வாகனம் போவது நின்றது. தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டை ஒரு கையில், கம்பியில்லாக் கருவி மறு கையில் என்று ஒருவன் தலதா வீதியில் நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். திருத்திய செட்டை வாடிக்கையாளரிடம் நான் கொண்டுபோய்க் கொடுத்ததே கிடையாது. அவர்களே சிங்களத்தில் எழுதிய கடிதத்தோடு வந்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப்போக வேண்டும். பற்றரியைக் கழற்றித் தனிப் பையில் போட்டுத்தான் கொடுப்பேன். அந்தப் பதிவேடுகளை இப்போதும் வைத்திருக்கிறேன். பழக்கம் விடவில்லை.

சட்டம் இன்றும் கண்டிப்பானதுதான். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டமும் 1996இல் அதற்கு வந்த திருத்தமும் இருக்கின்றன. அந்தத் திருத்தத்தால் அமைந்ததுதான் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. கருவிக்கும் அனுமதி வேண்டும், அலைவரிசைக்கும் அனுமதி வேண்டும். துபாயிலிருந்து மச்சான் அனுப்பினான், இணையத்தில் மலிவாகக் கிடைத்தது என்பதெல்லாம் அங்கே செல்லாது. ஒருவர் புதுச் செட்டைக் கொண்டுவந்து, “பாஸ், எங்க ஒபீஸ் சனலை இதுல ஏத்திக் குடுங்க” என்பார். “பேப்பர் இருக்கா?” என்று கேட்பேன். “நான் அதே ஒபீஸ்ல வேலை செய்றவன்தானே பாஸ்?” என்பார். அவர் சொல்வதில் நியாயமில்லாமல் இல்லை. ஆனால் அலைவரிசை அவர் பெயரில் இல்லை, நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. நாளைக்கு அவர் வேலையை விடலாம், செட்டை விற்கலாம், பஸ்ஸில் தொலைக்கலாம். அப்போது அந்தச் சனலில் எவன் பேசுவான்? பொறுப்பாளரின் கடிதமில்லாமல் நான் தொடுவதில்லை. இதனால் போன வாடிக்கையாளர்கள் உண்டு. கோபித்துக்கொண்டு போய், வேறெங்கோ ஏற்றிக்கொண்டு, அது பழுதானதும் என்னிடமே திரும்பி வந்தவர்களும் உண்டு.

இனி மலைக்கு வருவோம். கண்டியின் தொல்லையே மலைதான். தெற்கே ஹந்தானை, மேற்கே பஹிரவகந்த, வடகிழக்கே உடவத்தகலே, நடுவில் குழிக்குள் நகரம். மகாவலி மேற்கிலும் வடக்கிலும் கிழக்கிலும் வளைந்து சுற்றி ஓடுகிறது. கைச் செட்டின் சக்தி நாலைந்து வாட்ஸ். தட்டையான ஊரில் அதுவே சில கிலோமீற்றர் போகும். இங்கே கெட்டம்பேயில் நிற்பவனுக்கும் அம்பிட்டியில் நிற்பவனுக்கும் நடுவில் மலை நின்றுகொண்டிருக்கும். செட்டுகளின் அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போவது. மலைச் சரிவில் கொஞ்சம் வளையும், எதிர்ச் சரிவில் பட்டுத் திரும்பும், ஆனால் மலையை ஊடுருவாது. அதனால்தான் ஹந்தானை உச்சியில் இத்தனை கோபுரங்கள். உயரத்தில் ஒரு ரிப்பீட்டர் வைத்தால் அது கீழிருந்து வருவதை வாங்கி, வேறோர் அலைவரிசையில் பலத்தோடு திருப்பி அனுப்பும். நகரத்தில் நிற்பவனும் திகனையில் நிற்பவனும் அந்த உச்சி வழியாகப் பேசிக்கொள்ளலாம்.

கடையில் விற்பவன் இதைச் சொல்ல மாட்டான். “பத்துக் கிலோமீற்றர் போகும் மாத்தயா” என்பான். பெட்டியிலும் அப்படித்தான் அச்சடித்திருக்கும். கடலில் போகும், வயல்வெளியில் பாதி போகும். யட்டிநுவர வீதியில் நாலு கட்டடம் தாண்டாது.

தீயணைப்புக்காரருக்கு உண்மையில் பத்துக் கிலோமீற்றர் தேவையுமில்லை. அவருக்கு வேண்டியது மூன்றாம் மாடியிலிருந்து தெரு வரைக்கும், கீழ்த்தளத்திலிருந்து வாசல் வரைக்கும். கேட்க அற்பமாக இருக்கும், செட்டுக்கு மிகக் கடினமான தூரம் அதுதான். கண்டியின் பழைய கடைத்தெருக்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முகப்பு ஒடுக்கமாக இருக்கும், உள்ளே போனால் ரெயில் பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். கீழே கடை, மேலே சேலை மூட்டைகளோ பிளாஸ்டிக் சாமான்களோ அடைத்த ஸ்டோர், அதற்கு மேல் குடும்பம். கொழும்பு வீதி, கொட்டுகொடல்ல வீதி, திருகோணமலை வீதி எதை எடுத்தாலும் ஒரு சுவருக்கு இரண்டு கடை. கொங்கிரீட்டுக்குள் கம்பி, கம்பிக்குப் பின்னால் தகர ஷட்டர். அங்கே அலைநீளம் கூடிய வி.எச்.எஃப். அலைப்பட்டைச் செட் திணறும். அலைநீளம் குறைந்த யூ.எச்.எஃப். ஜன்னல், படிக்கட்டு, காற்றுத் துளை என்று கிடைத்த சந்துகளில் நுழைந்து வந்துவிடும். மாறாக ஹந்தானையில் மானாப் புல் பற்றி எரியும்போது, மரமும் சரிவுமாகக் கிடக்கும் இடத்தில் வி.எச்.எஃப். கொஞ்சம் மேல். ஒரே ஆள் காலையில் கடைக்குள்ளும் மாலையில் ஹந்தானையிலும் நிற்கிறான். எந்தச் செட் வாங்குவது என்று கேட்டால் நான் என்ன சொல்ல?

இங்கேதான் பாவோஃபெங் என்ற மலிவுச் செட் வந்து நுழைந்தது. யூ.வி.5ஆர் என்ற மாதிரி 2012 வாக்கில் சந்தைக்கு வந்தது. இரண்டு அலைப்பட்டைகளும் ஒரே செட்டில், விலையோ பெரிய கம்பனிச் செட்டின் பற்றரி விலைக்கும் குறைவு. என் தொழில்காரர்கள் அதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். நான் அவ்வளவு சுளிப்பதில்லை. அது வராவிட்டால் இந்தப் பையன்களுக்கு ஒன்றுமே கிடைத்திராது. விலைக்கு மிஞ்சிய வேலை செய்கிறது என்று எங்கும் சொல்வேன்.

ஆனால் நெருப்புக்குள் கொண்டுபோகச் செய்த சாமான் அல்ல அது. முதலாவது, காது மந்தம். கோபுரங்களுக்குப் பக்கத்தில், வலுவான வானொலி அலைகளுக்கு நடுவில் அதன் ரிசீவர் திணறி, பக்கத்திலிருந்து கூப்பிடுகிறவனையே கேட்காமல் விட்டுவிடும். ஹந்தானை மேலே நெருப்பணைக்கப் போனவர்கள், “கீழே நல்லா வேலை செஞ்சது பாஸ், மேலே போனதும் செத்துப் போச்சு” என்று கொண்டுவந்து வைத்தார்கள். செட் சாகவில்லை, கோபுரத்தின் சத்தத்தில் செவிடாகிப் போயிருந்தது. இரண்டாவது, அந்த நம்பர்ப் பட்டன்கள். ஜாக்கெட்டுக்குள் அமுங்கி அலைவரிசை தானாக மாறிவிடும். கையுறை போட்ட விரலால் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. மூன்றாவது, சூடு. சாதாரணச் செட் அறுபது பாகை செல்சியஸ் வரைக்கும்தான் உத்தரவாதம். எரியும் அறையில் தலைமட்டத்துக்கு அது ஒன்றுமேயில்லை. தோளில் குத்தியிருந்த மைக்கின் சுருள் வயர் உருகிச் சட்டையோடு ஒட்டிப்போன ஒன்று என் அலுமாரியில் இருக்கிறது. செட் பெல்ட்டில், ஜாக்கெட்டுக்கு அடியில் இருந்ததால் தப்பியது. மைக் போனது. மைக் போனால் நெருப்பின் நடுவில் செட் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

நாலாவது இவை எல்லாவற்றிலும் மோசமானது. பேசும் பட்டன் எங்காவது நசுங்கி இறுகிக்கொண்டால் செட் நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சனலில் இருக்கிற எவரும் வாய் திறக்க முடியாது. ஒருவனுடைய மூச்சிரைப்பும் ஹோஸ் சத்தமும் மட்டும் எல்லார் காதிலும் விழும். எத்தனை நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து அனுப்பக்கூடாது என்று செட்டிலேயே ஒரு கட்டுப்பாடு வைக்கலாம். அதை வைக்காமல் எந்தச் செட்டையும் நான் திருப்பிக் கொடுப்பதில்லை, காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும்.

இதையெல்லாம் கேட்டு, நல்ல விலையுயர்ந்த செட் வாங்கினால் சரியாகிவிடுமா என்பார்கள். நியூயோர்க்கைவிடப் பணக்காரத் தீயணைப்புப் படை எங்கே இருக்கிறது? 2001 மார்ச்சில் அவர்களுக்குப் புத்தம்புது டிஜிட்டல் செட்டுகள் கொடுத்தார்கள். சில நாட்களிலேயே குவீன்ஸ் பகுதியில் ஒரு வீட்டின் அடித்தளத்தில் சிக்கியவர் உதவி கேட்டு அழைத்தது அங்கே நின்ற பலருக்குக் கேட்கவில்லை. செட்டுகளைத் திரும்ப வாங்கி, பழைய அனலொக் செட்டுகளையே மறுபடி கொடுத்தார்கள். அந்தப் பழைய செட்டுகளோடுதான் அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று இரட்டைக் கோபுரங்களுக்குள் போனார்கள். 343 பேர் திரும்பவில்லை.

அந்தக் கோபுரங்களுக்காக 1993 குண்டுவெடிப்பின் அனுபவத்துக்குப் பிறகு ஒரு ரிப்பீட்டர் பொருத்தியிருந்தார்கள். அன்று அதை இயக்கினார்கள், ஆனால் தலைமைக் கைப்பேச்சுக் கருவிக்கான இரண்டாவது பட்டன் அழுத்தப்படவில்லை. பேசிப் பார்த்த அதிகாரிகள் ரிப்பீட்டர் வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி, வடக்குக் கோபுரத்தில் வேறு சனலுக்குப் போனார்கள். உண்மையில் ரிப்பீட்டர் வேலை செய்துகொண்டிருந்தது. தெற்குக் கோபுரத்தில் அதே சனலைப் பிடித்துக்கொண்ட ஓரியோ பாமர் என்ற பட்டாலியன் தலைவர் 78ஆம் மாடி வரை ஏறி, அங்கே கண்டதைக் கீழிருந்து ஏறி வந்துகொண்டிருந்த தன் ஆட்களுக்குச் சொன்னார். பின்னர் விசாரணை ஆணைக்குழு இதையெல்லாம் எழுதிவைத்தது. செட் திருத்துகிறவன் என்ற முறையில் அந்தப் பகுதியைக் கேட்டபோது எனக்கு உறுத்தியது அந்த ஒரு பட்டன்தான். கருவி பழுதில்லை. யார் எங்கே எந்தச் சனலில் என்பதுதான் இரண்டாகப் பிளந்தது.

2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்தபோதும் செட்டுகள் காலை வாரின. 24 மாடிக் கட்டடம், 72 உயிர்கள். உள்ளே மாடியேறிப் போனவர்களோடு வெளியே இருந்தவர்களால் ஒழுங்காகப் பேச முடியவில்லை என்று அங்கும் விசாரணையில் வந்தது. இவ்வளவு பெரிய படைகளுக்கே இந்தக் கதி என்றால் நம் பையன் இணையத்தில் வாங்கிய செட்டை மட்டும் பழி சொல்லி என்ன?

என் எண்ணம் இதுதான். ஒருவன் தனக்கு மட்டும் செட் வாங்கினால் அவனிடம் இருப்பது அரைச் செட். மறு அரை அவனைக் கேட்கிறவனிடம் இருக்கிறது. கேட்கிறவன் எந்தச் சனலில் இருக்கிறான், ஒலியளவைக் குறைத்துவிட்டானா, பற்றரி இருக்கிறதா, முதலில் கேட்க வேண்டுமென்று அவனுக்குத் தெரியுமா? இதற்கெல்லாம் கடையில் விலை கிடையாது. சொந்தச் செட்டோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, “உங்களை யார் கேட்கிறார்?” என்பதைத்தான். பலர் யோசிப்பார்கள். ஒருவர் மட்டும் உடனே பதில் சொன்னார்: “எங்க டிரைவர், பாஸ். அவருக்கும் நானே ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டேன்.” பம்பில் நிற்கும் டிரைவர். தண்ணீர் அழுத்தத்தைக் கூட்டு, குறை என்று சொல்ல வேண்டியது அவரிடம். அந்த மனிதருக்குத் தொழில் தெரியும். திருத்தக் கூலி வாங்கவில்லை.

2018 மார்ச்சில் இந்தக் கேள்வி நகரத்துக்கே வந்தது. திகனையிலும் தெல்தெனியவிலும் தொடங்கி முஸ்லிம் மக்களின் கடைகளையும் வீடுகளையும் பள்ளிவாசல்களையும் கொளுத்தினார்கள். கண்டியில் ஊரடங்கு, 6ஆம் திகதி நாடு முழுக்க அவசரகால நிலை, மறுநாள் பேஸ்புக், வோட்ஸ்அப், வைபர் எல்லாவற்றுக்கும் தடை. வெறுப்பைப் பரப்புகிறார்கள் என்று நிறுத்தினார்கள். பரப்பினார்கள் என்பதும் உண்மை. ஆனால் அதற்குள் தீயணைப்புக்காரர்கள் வேலை முறை சொல்வதும், வீட்டிலிருப்பவர்களைக் கூப்பிடுவதும், எந்த வீதி மறித்திருக்கிறது என்று படம் அனுப்புவதும் வோட்ஸ்அப்பில்தான் என்றாகியிருந்தது. செட் எதற்கு, கையில் போன் இருக்கிறதே என்று என்னிடமே வாதாடியவர்கள் இருந்தார்கள். போனில் குரல் அழைப்பு போனது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவனை அழைத்தால் ஒருவனுக்குத்தான் கேட்கும். செட்டில் ஒருதரம் சொன்னால் சனலிலிருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். அந்த வித்தியாசத்தை நான் வருடக்கணக்கில் சொல்லி விளங்காதவர்களுக்கு அந்த ஒரு வாரம் விளங்கவைத்தது. தடை நீங்கிய பிறகு கடைக்கு வந்தவர்களில் ஒருவன் முஸ்லிம் பையன், மற்றவன் சிங்களவன். இருவரும் ஒரே வாகனத்தில் வேலை செய்கிறவர்கள். இரண்டு செட்டையும் ஒரே சனலில் போடச் சொன்னார்கள். கடிதம் கொண்டுவரச் சொன்னேன். அவர்களுக்குக் கூடவா என்று என் மனைவி கேட்டாள். அவர்களுக்கும்தான்.

2022இல் வந்தது வேறு சோதனை. டொலர் இல்லை, இறக்குமதி இல்லை, பற்றரி இல்லை. மார்ச் கடைசியில் ஒருநாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. சார்ஜரில் செருகிய செட்டை இரவு எடுத்துப் பார்த்தால் பச்சை விளக்கு எரியாது. லித்தியம் பற்றரி உப்பிக்கொண்டு வருபவை அதிகமாயின. உப்பியதைப் பிரித்து உள்ளே வேறு செல் வைத்துத் தரச் சொல்லிக் கெஞ்சினார்கள். வேறு யாருக்காவது என்றால் பார்த்திருக்கலாம். நெருப்புக்குள் போகிறவனின் இடுப்பில் கட்டப்போகும் பற்றரிக்கு நான் அப்படி ஒட்டுவேலை செய்ய மாட்டேன். அதற்குப் பதிலாக, உள்ளே போகாமல் வாகனத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கார்ப் பற்றரியிலிருந்து செட்டை ஓட்டுகிற வயர்கள் செய்து கொடுத்தேன். பெட்ரோல் வரிசையில் நின்றுகொண்டே சோல்டர் பண்ணிய நாட்கள் உண்டு. கேஸ் டோர்ச்சில் சூடாக்கும் சோல்டர் இரும்பு அப்போதுதான் உதவியது.

மிகப் பெரிய சோதனை 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்தது. கண்டி மாவட்டம் மிக மோசமாக அடிபட்ட இடங்களில் ஒன்று. மலை சரிந்தது, வீதி போனது, மின்சாரம் போனது. மின்சாரம் போன சில மணி நேரத்தில் கைபேசிக் கோபுரங்களின் பற்றரிகளும் தீர்ந்துபோக, பல இடங்களில் போன் வெறும் டோர்ச் லைட்டானது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகும் இதே நிலைதான். அன்று விக்டர் குணதிலக்க போன்ற அமெச்சூர் வானொலிக்காரர்கள் செட்டுகளைத் தூக்கிக்கொண்டு தெற்குக் கரைக்குப் போய்ச் செய்தி அனுப்பினார்கள். இருபது வருடங்களுக்குப் பிறகு மலைநாட்டில் அதே பாடம். ஒரு சரிவின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள், நடுவில் வீதி இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் ரிப்பீட்டரும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். நேர்ப் பார்வையில் நிற்கும் இரண்டு மலிவுச் செட்டுகள் கண்ணாடி மாதிரித் தெளிவாகப் பேசும். நான் இத்தனை குறை சொன்ன அதே செட்டுகள்தான்.

அந்த நாட்களில் ஒருவர் சேறு அப்பிய செட்டோடு வந்து, திருத்த வேண்டாம், காதுக்குள் வைக்கும் வயர் மட்டும் தாருங்கள் என்றார். மண்ணுக்கு அடியில் சத்தம் கேட்கிறதா என்று பார்க்கும்போது எல்லாரும் மூச்சுக்கூட விடாமல் நிற்பார்களாம். அந்த நேரத்தில் யாருடையதாவது செட் கரகரவென்று கத்தினால் எல்லாம் கெட்டுவிடும். கையில் இருந்த எல்லா இயர்பீஸையும் கொடுத்தேன். தீயணைப்புக்காரருக்கு இயர்பீஸ் தேவைப்படும் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை. புகைக்குள் காதை அடைப்பது நல்லதல்ல என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது செட்டுக்கு ஒன்று கொடுக்கிறேன், எப்போது மாட்டுவது என்பதை அவர்களிடமே விட்டுவிட்டேன்.

நீரும் சேறும் போன செட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாரும் அரிசிக்குள் புதைத்துக்கொண்டு வருகிறார்கள். அரிசி ஒன்றும் செய்யாது. உடனே பற்றரியைக் கழற்ற வேண்டும், அதுதான் முதல் வேலை. மின்சாரம் உள்ளே இருந்தால் செம்பு இன்னும் வேகமாகப் பச்சை பூத்து அரிக்கும். பிறகு நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவிவிட்டு, ஸ்பிரிட்டில் துடைத்து, நிழலில் காயவிட வேண்டும். ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பு ஊறியிருந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். ஊறிய ஸ்பீக்கர் பேசும், ஆனால் முணுமுணுக்கும். நெருப்பில் முணுமுணுக்கும் செட் எவனுக்கு வேண்டும்?

பேசும்போது எந்த மொழி என்று சிலர் கேட்பதுண்டு. பெரும்பாலும் சிங்களம்தான். தமிழ்ப் பையன்களும் செட்டில் சிங்களத்தில்தான் பேசுவார்கள். அவசரத்தில் மட்டும் அவனவன் மொழி வந்துவிடும் என்கிறார்கள். “ஹரி, ஹரி” என்று பதில் சொன்னால் விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதை விட மாட்டேன். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வேன். “இரண்டாம் மாடி, பின்பக்கம்” என்றால் மறுபக்கத்திலிருந்து “இரண்டாம் மாடி, பின்பக்கம்” என்று வர வேண்டும். ஹரி என்பது நாகரிகத்துக்குச் சொல்வது.

போன மாதம் ஓர் இளைஞன் வந்தான். வேலைக்குச் சேர்ந்து கொஞ்சக் காலம்தான். எந்தச் செட் வாங்கட்டும் பாஸ் என்று போனில் ஏழெட்டுப் படங்களைக் காட்டினான். ஒன்று வாங்காதே, உன் ஷிஃப்டில் எத்தனை பேர் என்றேன். ஐந்து பேர். ஐந்து பேரும் ஒரே மாதிரி வாங்குங்கள், நம்பர்ப் பட்டன் இல்லாததை, சனல் மாற்ற ஒரு குமிழ் மட்டும் உள்ளதை, ஆளுக்கு இரண்டு பற்றரி என்றேன். அதற்கு அதிகம் காசாகுமே என்றான். ஆகும். சீட்டுப் பிடிக்கச் சொன்னேன். “அதைவிடப் பெரிய வேலை எங்க மாத்தயாகிட்ட கையெழுத்து வாங்கறது, பாஸ்” என்றான்.

வாங்கிவிட்டான். ஐந்து செட்டும் வந்தன, கடிதமும் வந்தது. தொடரிலக்கம் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது, நானே மூடியைத் திறந்து பார்த்து எழுதிக் கொடுத்தேன். விண்ணப்பம் கொழும்புக்குப் போயிருக்கிறது. அதுவரை செட்டுகள் என் அலுமாரியில். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஐவரில் ஒருவன் வந்து, பற்றரி நிறைந்திருக்கிறதா என்று கேட்கிறான். சும்மா கிடக்கும் லித்தியம் பற்றரியைப் பாதியில்தான் வைக்க வேண்டும், முழுதாக நிரப்பி வைத்தால் கெட்டுவிடும் என்று ஒவ்வொருவனுக்கும் தனித்தனியாகச் சொல்லியாகிவிட்டது. நம்பாமல் சார்ஜரைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.